கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கொடி

போன பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்பு செல்வம் வந்தார். திருவண்ணாமலை வேங்கிக்காலில் எனக்கு அடுத்த தெரு. நெல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பக்தர்களைக் கிரிவலம் அழைத்துப்போவது அவர் தொழில்.

"சார், ஆந்திரா கொடி எப்படி இருக்கும்? போன மாசம் ரெண்டு பேர் கூட்டத்துல வேற குரூப் பின்னாடி போயிட்டாங்க. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா ஆளே அனுப்பமாட்டேன்னு நெல்லூர் ஏஜென்ட் சொல்லிட்டாரு. கொடி புடிச்சா பாத்து வருவாங்க இல்ல?"

கொடிகளைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பவன் நான். இந்தக் கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருக்கிறேன் தெரியுமா?

ஆந்திராவுக்குக் கொடியே கிடையாது என்றேன். நமக்கும் கிடையாது - 1970இல் ஒன்று வரைந்து டெல்லியில் காட்டியதோடு சரி. கர்நாடகத்தின் மஞ்சள் சிவப்பு, மக்களாகப் பிடித்துக்கொண்டது. 2018இல் அந்த அரசே ஒன்று வரைந்தது, அனுமதி வரவில்லை. சட்டப்படி இருந்தது காஷ்மீருக்குத்தான். 1952 முதல் 2019 வரை...

"நெல்லூருக்குக் கேட்டேன் சார். காஷ்மீர் வரைக்கும் போயிட்டீங்க."

சரி, நாமே வரைவோம் என்றேன். எழுத்து கூடாது. இரண்டே நிறம். தூரத்தில் பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

எந்த இரண்டு நிறம்? அங்கேதான் மாட்டிக்கொண்டோம். செல்வம் எதைச் சொன்னாலும் அது ஏதாவது ஒரு கட்சியில் போய் முடிந்தது. கடைசியில் யாரும் தொடாமல் மிச்சமிருந்தது கத்தரிப்பூ நிறம். செல்வத்தின் மனைவியிடம் அந்த நிறத்தில் பழைய சேலை இருந்தது. நடுவில் வெள்ளை முக்கோணம் - மலை. கம்பம்? எங்கள் வீட்டு ஒட்டடைக் குச்சி.

பௌர்ணமி மாலை. நாற்பது பேர். கொடி பிடித்தது யார்? வரைந்தவன்தான்!

வழியில் அடி அண்ணாமலையில் நிறுத்தி எண்ணினார் செல்வம். மறுபடி எண்ணினார். முகம் மாறியது.

"கம்மியா?" என்றேன்.

"நம்ம நாப்பது பேரும் இருக்காங்க சார். பதினோரு பேர் ஜாஸ்தி!"

கோலாரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "கொடி யாருதுன்னு கேக்கலைங்க. நல்லா உயரமா இருந்துச்சு, வந்துட்டோம்."

அதற்குள் செல்வத்தின் போன் அடித்தது. கோலார்காரர்களை அழைத்து வந்தவர்; இதே தொழிலில் செல்வத்துக்குப் பழக்கமானவர், கொடியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "யோவ், எங்க ஆளுங்கள எங்கய்யா இழுத்துக்கினு போற?"

பதினோரு பேரையும் ஆட்டோ வைத்துத் திருப்பி அனுப்பினோம். நெல்லூர் ஏஜென்டுக்கு ஏக சந்தோஷம். அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு பஸ்.

கொடி ஏறிய இடத்தில் எல்லைத் தகராறும் வரும் என்று நிறையப் படித்திருக்கிறேன்... ஒட்டடைக் குச்சியில் ஏற்றினாலும் வரும் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.