மாப்பிள்ளை வேடத்தில் குடித்த தேத்தண்ணீர்

1994ஆம் ஆண்டு சித்திரை மாதம். வன்னியில், நெடுங்கேணிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த குடியேற்றக் கிராமத்தில், வருடப்பிறப்புக்கு வாசிகசாலைத் திடலில் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டோம். மண்ணெண்ணெய் தட்டுப்பாடான காலம். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே, பின்னேரம் நான்கு மணிக்கு மேடையேற்ற முடிவு செய்தார்கள்.

நாடகத்தின் கதை இதுதான். ஒரு பணக்கார மாப்பிள்ளை, தான் யாரென்று காட்டாமல் பெண்ணைப் பார்ப்பதற்காகத் தன் வேலைக்காரனோடு உடுப்பை மாற்றிக்கொள்கிறான். பெண்வீட்டார் வேலைக்காரனையே மாப்பிள்ளை என்று நம்பி விழுந்து விழுந்து உபசரிக்கிறார்கள். கடைசியில் அவன் பிடிபட்டு, காலில் விழுந்து கெஞ்சுவான்.

வேலைக்காரன் நான்தான். எங்கள் குடும்பம் இனக்கலவரத்துக்குப் பயந்து மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தது. மற்றவர்களின் வயலில் கூலிவேலை செய்து பிழைத்தோம். நாடகத்தைப் பழக்கிய மாஸ்டர் முதல் நாளே சொன்னார்: “உனக்கு நடிக்கவே தேவையில்லை. உங்கட தோட்டத்துத் தமிழை அப்பிடியே இழுத்துக் கதை. சனம் சிரிச்சே சாகும்.”

நானும் சிரித்தேன். ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். நான் இழுத்துப் பேசப் பேச எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

நாடகத்தன்று மூன்று மணிக்கே எனக்கு மாப்பிள்ளை வேடம் போட்டுவிட்டார்கள். பட்டு வேட்டி, சால்வை, இரவல் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி. தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஒரு மாதத்துக்கு முன்புதான் அந்த வீட்டாரின் வயலில் எட்டு நாள் நெல் வெட்டியிருந்தேன்.

வீட்டுக்கார அம்மா என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தா. “புளியங்குளத்தில இருந்து விழாவுக்கு வாறவர் நீங்கள்தானே? வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ.”

எட்டு நாளும் வீட்டுக்குப் பின்னால் வளவில் வைத்து, பால்மா வந்த பழைய தகரப் பேணியில் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தது இதே அம்மாதான். ஒருநாள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நான் இன்னார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “ஓம் அம்மா, கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?” என்று அவர்கள் பேசும் தமிழிலேயே கேட்டேன். விறாந்தைக் கதிரையில் இருத்தி, கண்ணாடிக் கிளாஸில் பால் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

பாதி குடித்திருப்பேன், வீட்டுக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஒருதரம் உற்றுப் பார்த்தார். முகம் மாறியது.

“ஆரடாப்பா இது? எங்கட வயலில வெட்டின தோட்டக்காட்டான் எல்லே? எழும்படா கதிரையால.”

தோட்டக்காட்டான் என்பது எங்கள் ஆட்களை இளக்காரமாகச் சொல்லும் பேர். எழுந்தேன். அந்த அம்மா என் கையிலிருந்த கிளாஸை வாங்கி, மிச்சத்தை முற்றத்தில் ஊற்றினா. நான் மேடைக்கு வந்தேன்.

நாடகம் தொடங்கியது. திடல் நிறையச் சனம். முன்வரிசையில் அந்த வீட்டுக்காரர். எல்லோருக்கும் பின்னால், மரத்தடியில் எங்கள் ஆட்கள், அவர்களோடு என் மனைவி. ஒவ்வொரு வசனத்துக்கும் சிரிப்பு. கடைசிக் காட்சி வந்தது. பெண்ணின் தகப்பனாக நடித்தவர் என்னைப் பிடித்துவிட்டுக் கத்தினார்:

“எழும்படா கதிரையால.”

நான் அந்த இடத்தில் துள்ளி எழுந்து காலில் விழ வேண்டும். எழவில்லை. அவர் திரும்பவும் கத்தினார். பிறகு குனிந்து, “எழும்பு, எல்லாரும் பாக்கினம்” என்று மெதுவாகச் சொன்னார்.

“எந்திரிக்க மாட்டேன்,” என்றேன். இந்த முறை இழுக்கவில்லை. வீட்டில் பேசுவதுபோலப் பேசினேன். “இவ்வளவு நேரமும் ஐயா ஐயான்னு கும்பிட்டீங்களே, அதே ஆளுதான் நான். சட்டைதான் வேற. ஒரே மூஞ்சிதான். இப்ப மட்டும் ஏன் எந்திரிக்கணும்?”

திடல் சிரித்தது. நாடகத்தில் உள்ள வசனம் என்று நினைத்துவிட்டார்கள். எல்லோரையும் விட உரக்கச் சிரித்துக் கை தட்டியவர் அந்த வீட்டுக்காரர். யாரைப்பற்றிப் பேசினேன் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. மரத்தடியில் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் ஓடிவந்து திரையை இழுத்து மூடினார்.

“நல்ல நாடகத்தைக் கெடுத்துப்போட்டாயே,” என்றார். நான் சால்வையை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அந்த வீட்டுக்காரரையும் மாஸ்டரையும் திட்டிக்கொண்டே போனேன். மனைவி பின்னால் வந்தாள். குளக்கட்டில் ஏறியபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நாங்க இப்பிடியா பேசுறோம்?”

நான் மேடையில் எழும்ப மறுத்ததைப்பற்றி அவள் கேட்கவில்லை. அதற்கு முன் ஒரு மணித்தியாலம் நான் இழுத்து இழுத்துப் பேசிச் சிரிக்க வைத்ததைத்தான் கேட்டாள்.

அடுத்த போகத்துக்கு அந்த வயல்காரர் என்னைக் கூப்பிட ஆள் விட்டார். நான் போகவில்லை. மாஸ்டரும் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர்கள்மேல் உள்ள கோபம் எனக்கு ஆறவில்லை. ஆனால் அந்த மாஸ்டர் கேட்டவுடனே, என் மனைவி பேசும் தமிழை அள்ளிக்கொண்டுபோய் ஊரார் சிரிக்கக் கொடுத்தவன் நான் என்பதை நினைக்கும்போது வரும் கோபம் அதைவிடப் பெரிது. அதை யார்மேல் காட்டுவதென்று எனக்கு நன்றாகவே தெரியும்.