இரும்புக் கீறலும் மச்சானின் கேள்வியும்

கணபதி என்கிற ஊரில் எனக்குச் சொந்தமாக ஒரு லேத் பட்டறை. போன வருடம் அங்கே கடைசலில் உதிர்ந்த இரும்புச் சுருள் ஒன்று வலது காலைக் கீறிவிட்டது. மஞ்சள் தூளை அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். வாரக் கடைசியில் கால் சிவந்து வீங்கி, குளிர்க் காய்ச்சலில் பற்கள் கிடுகிடுத்தன. மனைவி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"சுகர் இருக்குதுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"லேசா இருக்குதுங்க" என்றேன்.

"லேசா இல்லீங்க" என்றாள் மனைவி.

"மாத்திரை?"

"சாப்பிடறேனுங்க."

"கல்யாண விருந்துக்குப் போற அன்னிக்கு மட்டுமுங்க" என்றாள் மனைவி.

"சிகரெட்?"

அதற்கும் மனைவியே முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"கிருமி ரத்தத்துல கலந்திருக்குதுங்க. வயசு, சுகர், சிகரெட் மூணும் சேர்ந்தா அதுக்குக் கொண்டாட்டம். இன்னும் தாமதிச்சிருந்தா உயிருக்கே ஆபத்துங்க" என்றார் டாக்டரம்மா. 'ங்க' போட்டுச் சொன்னாலும் திட்டியது போலத்தான் இருந்தது.

புண்ணைக் கீறிச் சுத்தம் செய்து, மருந்து ஏற்றினார்கள். மறுநாள் பெருந்துறையிலிருந்து மனைவியின் அண்ணன் வந்தார். டாக்டரம்மாவைப் பார்த்ததும் என் தலைமாட்டிலேயே நின்று கேட்டார்:

"ஏனுங்க, இந்த நோவுல நூத்துக்கு எத்தன பேரு போயிருவாங்க?"

"ஆளுக்கு ஆள் மாறுமுங்க. வயசானவங்க, சுகர்காரங்க, கிட்னி கெட்டவங்க, லேட்டா வர்றவங்களுக்கு அதிகம்."

"உத்தேசமாச் சொல்லுங்க. சொந்தக்காரங்க கேட்டா நானும் ஏதாச்சும் சொல்லோணுமல்லங்க."

"அண்ணா, சும்மா இருங்க!" என்றாள் மனைவி.

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கடைசியா எப்பங்க சுகர் பாத்தீங்க?"

"எனக்கெதுக்குங்க? நான் கல்லாட்டம் இருக்கறேன்."

நர்ஸ் அவர் விரலில் குத்தி மெஷினில் பார்த்தார். என்னைவிட அவருக்குத்தான் அதிகம். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கட்டைவிரலுக்கு அடியில் செருப்பு கடித்த புண் ஒன்று சீழ் வைத்திருந்தது.

"வலிக்கவே இல்லீங்களே!" என்றார் மச்சான்.

"சுகர் ஏறினா கால் மரத்துப்போயிருமுங்க. அதுதானுங்க பயமே" என்றார் டாக்டரம்மா.

மச்சான் எனக்காக வாங்கி வந்த பழப் பையை மெல்லத் தன் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார்.

அவருக்குக் கட்டுப் போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு வீக்கம் வடியக் கொஞ்ச காலம் பிடித்தது. கால் தப்பியது, சிகரெட் போயிற்று. இப்போதெல்லாம் விடிந்ததும் மனைவி என் பாதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போனில் வீடியோ போட்டு அண்ணனைக் கூப்பிடுகிறாள். அவர் தோட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி மற்றதைத் தூக்கிக் காட்டுகிறார்.

"ஆடாதீங்கண்ணா, விரல் இடுக்கக் காமிங்க!"