கமருன்னிஸா திறந்துவிட்ட வீடுகள்

அய்யம்பேட்டையில் கமருன்னிஸா குடியிருந்த தெருவில் பாதி வீடுகளுக்கு ஆள் கிடையாது. குவைத், துபாய், சிங்கப்பூர் என்று போனவர்கள் ஆசை ஆசையாகக் கட்டிப் பூட்டிப் போட்ட வீடுகள் அவை. போகிறவர்கள் சாவியைக் கமருன்னிஸாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாதம் ஒருமுறை திறந்து பெருக்கி, மோட்டாரை ஓடவிட்டு, கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவள் மறுபடி பூட்டுவாள்.

அவள் கணவர் அப்துல் வஹாப் குவைத்தில் ஒரு மளிகைக் கடையில் மேனேஜர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒரே மகன் துபாயில் பெண்டாட்டி பிள்ளைகளோடு தங்கிவிட்டான். அவனுக்கென்று கட்டிய மாடியில் அவன் சேர்ந்தாற்போல ஒரு மாதம்கூடப் படுத்ததில்லை.

அவள் தஞ்சாவூரில் ஒரு அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்குப் போனதற்கு ரோஸ்லின்தான் காரணம். அந்த அறக்கட்டளை நடத்திய மருதம் இல்லம் என்ற விடுதியின் வார்டன் ரோஸ்லின். பதினெட்டு வயது முடிந்ததும் காப்பகத்திலிருந்து வெளியே வந்து போக்கிடம் தெரியாமல் நின்ற பெண்கள் அங்கே இருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் அப்பா அம்மா திருப்பூருக்குப் பிழைக்கப் போக, உறவுக்காரர் வீட்டில் விடப்பட்டு, அங்கேயும் ஒட்டாமல் ரயிலடியில் வந்து படுத்த பெண்களும் இருந்தார்கள். ஒரு பெருநாளைக்குப் பிரியாணி கொடுக்கப் போன கமருன்னிஸா, சாயங்காலம்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டாள். "குழுவுல எல்லாரும் ஆம்பளைங்கக்கா. இந்தப் புள்ளைங்களுக்கு எது வேணும்னு அவங்களுக்கு நான் எடுத்துச் சொல்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. நீங்க வாங்க," என்றாள் ரோஸ்லின்.

தலைவர் அமிர்தலிங்கம், பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஒரு டாக்டர், ஒரு ஆடிட்டர், ஒரு ரைஸ் மில் முதலாளி. முதல் கூட்டத்தில் கமருன்னிஸா காது கொடுத்துக் கேட்டதோடு சரி. இரண்டாவது கூட்டத்தில், குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து இவ்வளவு நாளாகியும் ஏன் மாற்றவில்லை என்று கேட்டாள். அமிர்தலிங்கம் முகம் சிவந்துபோனார். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினார். அந்த மனிதரை அவளுக்குப் பிடித்துப்போனது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கோடையில் இடி விழுந்தது. இல்லம் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் அதை ஒரு ஜவுளிக்கடைக்கு விற்றுவிட்டார். ஆடி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். குழுவில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் வீடு தேடினார்கள். கல்யாணம் ஆகாத, கேட்க ஆளில்லாத பெண்களுக்கு வீடு விட மாட்டோம் என்று போன இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் அமிர்தலிங்கம் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்தார். சென்னையில் ஒரு விடுதி பெண்களை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறது, மருதம் இல்லத்தை மூடிவிடலாம் என்று அதில் இருந்தது. டாக்டர் வேறு வழியில்லை என்று தலையாட்டினார்.

"சென்னையில இவங்களுக்கு யாரைத் தெரியும் சார்?" என்று கமருன்னிஸா கேட்டாள். "மங்களாம்பிகை இப்பத்தான் ஸ்கேன் சென்டர்ல வேலைக்குச் சேர்ந்திருக்கா. இன்னொருத்தி பாலிடெக்னிக் படிக்கிறா. ஊன்றுன காலைப் பிடுங்கிட்டா மறுபடியும் ரயிலடிதான். அடுத்த கூட்டம் வரைக்கும் எனக்கு அவகாசம் கொடுங்க."

மங்களாம்பிகை திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண். அத்தை வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, தஞ்சாவூர் ரயிலடியில் துணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தவளை ரோஸ்லின்தான் கூட்டி வந்தாள். கூட்டம் முடிந்து கமருன்னிஸா வெளியே வந்தபோது மங்களாம்பிகை வாசலில் நின்றாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்து, அய்யம்பேட்டை வழியாகப் போகும் கும்பகோணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனாள்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்த கமருன்னிஸாவுக்கு நடை தானாக நின்றது. இந்தப் பக்கம் பூட்டிய வீடு, அந்தப் பக்கம் பூட்டிய வீடு. நிமிர்ந்து தன் வீட்டு மாடியைப் பார்த்தாள். அதுவும் பூட்டித்தான் கிடந்தது. ஊரெல்லாம் வீடு தேடி அலைந்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல வஹாபின் போன் வந்தது.

"மாடியை அந்தப் பொண்ணுங்களுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேங்க."

"யாரு எவருன்னு தெரியாத புள்ளைங்கள வீட்டுல ஏத்துறதா? ஊருல என்ன பேசுவாங்க கமரு?"

முப்பது வருஷத்தில் அவர் சொல்லை அவள் மீறியதில்லை. ஆனால் தொண்ணூறில் குவைத்துக்குள் ஈராக் பட்டாளம் புகுந்தபோது, அவர் உடுத்திய துணியோடு தப்பி, ஜோர்டான் பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் இங்கே அவள் தொழுகைப் பாயை விட்டு எழாமல் இருந்தாள். ஊர் வந்து சேர்ந்த பிறகும் அவர் அந்த நாட்களைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவளும் கேட்டதில்லை; கூடத் தப்பி வந்தவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இன்றைக்குக் கேட்டாள்.

"அந்தக் கூடாரத்துல உங்களுக்கு ரொட்டியும் போர்வையும் கொடுத்தாங்களே, அவங்க நீங்க யாரு எவருன்னு விசாரிச்சிட்டா கொடுத்தாங்க?"

அந்தப் பக்கம் வஹாப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"மாடியில ஹீட்டர் ரிப்பேரா இருந்துச்சே," என்றார் வஹாப். "புள்ளைங்க வர்றதுக்குள்ள ஆள வெச்சுப் பாரு."

மறுநாள் தெருப் பெரியவர் கலந்தர் வந்தார். ஜமாத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. "தங்கச்சி, வீடு உன்னுது. ஆனா தெரு எல்லாருக்கும் பொது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு அண்ணே. ஒரு வருஷம் பாருங்க. உங்க மனசுக்கு ஒப்பலேன்னா நானே வேற இடம் பார்த்துக்கறேன்."

கலந்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஜமாத்தில் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மாடியில் பாதிப் பேருக்குத்தான் இடம் இருந்தது. எதிர்வீட்டுக்காரி நிலோஃபர் சிங்கப்பூரில் இருந்தாள். அவளைப் போனில் பிடித்துக் கமருன்னிஸா பேசிப் பேசிக் கரைத்தாள். வாடகை வேண்டாம், பெண்கள் வீட்டைப் பராமரிக்க வேண்டும், ஒரு அறை மட்டும் எங்கள் சாமானோடு பூட்டியிருக்கும், லீவில் நாங்கள் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று நிலோஃபர் ஒப்புக்கொண்டாள். அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் கேட்ட அமிர்தலிங்கம், தீர்மானத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆடிட்டர் அங்கேயே உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார். அரிசிக்கு நான் பொறுப்பு என்றார் மில் முதலாளி.

பெண்கள் ஒரு மினி லாரியில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். தெரு ஜன்னல் வழியாகப் பார்த்தது. முதலில் கதவைத் திறந்து வெளியே வந்தவள் கலந்தரின் மனைவி. கையில் பெரிய தூக்குவாளி நிறைய டீ இருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் பிடித்த மழை கார்த்திகை வந்தும் விடவில்லை. குடமுருட்டி ஆறு நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. பூட்டிய வீடுகளில் மொட்டைமாடிக் குழாய்கள் சருகு அடைத்துக்கொண்டு, தேங்கிய தண்ணீர் உள்ளே இறங்க ஆரம்பித்தது. விடிந்ததும் மங்களாம்பிகை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கமருன்னிஸாவிடம் வந்து, "சாவியெல்லாம் குடுங்கம்மா," என்றாள். பெண்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்தார்கள். மாடி ஏறி அடைப்பு எடுத்தார்கள், மெயினை அணைத்தார்கள், கட்டில் பீரோவையெல்லாம் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். கலந்தரின் தங்கை துபாயில் இருந்தாள். அவள் வீட்டு ஃபிரிட்ஜை அவர்கள் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, முழங்கால் தண்ணீரில் வந்து நின்ற கலந்தர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு பக்கத்தைப் பிடித்தார்.

தண்ணீர் வடிந்த வாரம் அவரே கமருன்னிஸா வீட்டுக்கு வந்தார். "என் தங்கச்சி வீடு சும்மாத்தானே கிடக்கு. துபாய்க்குப் பேசிட்டேன். வடக்கு ரூம் மட்டும் அவளுக்கு வேணுமாம். மத்தது இன்னும் நாலு புள்ளைங்களுக்கு ஆகும்ல?"

அவர் போன பிறகு கமருன்னிஸா கதவைச் சாத்திவிட்டு, தனியாக நின்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வழுத்தூரிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் தேடி வந்து, எங்கள் வீட்டிலும் உங்கள் பெண்களைக் குடிவையுங்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டையும் குழு நேரில் பார்த்துத்தான் முடிவு செய்தது. லீவில் வந்த வஹாப் மாடியைப் பார்க்கலாமென்று படியேறப் போனார். "கீழ இருந்து குரல் கொடுத்துக் கேட்டுட்டுப் போங்க, அது இப்ப அவங்க வீடு," என்றாள் கமருன்னிஸா. அவர் செருமிக் குரல் கொடுத்துவிட்டு ஏறினார். திரும்பி வரும்போது, ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறதாம் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

இரண்டாயிரத்து எட்டில் அமிர்தலிங்கம் தலைவர் பதவியிலிருந்து விலகி, கமருன்னிஸா பெயரை முன்மொழிந்தார். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இல்லத்தில் இருந்து வளர்ந்த ஒருத்தி குழுவில் உட்கார வேண்டும், அப்போதுதான் நானும் உட்காருவேன் என்றாள். விதிகளைப் புரட்டிப் பார்த்த ஆடிட்டர், தடை எதுவும் இல்லை என்றார்.

அப்படித்தான் மங்களாம்பிகை உள்ளே வந்தாள். அப்போது அவள் ஸ்கேன் சென்டருக்கு இன்சார்ஜ். டாக்டர் எழுந்து அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். உட்கார்ந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அவள் பேசினாள்.

"ரயிலடியில இப்பவும் என் தம்பி வயசுப் பசங்க படுத்திருக்காங்க. அவங்களுக்கும் ஒரு வீடு வேணும். கும்பகோணம் தாண்டி குத்தாலத்துல ஒண்ணு பார்த்திருக்கேன். சொந்தக்காரங்க மலேசியாவுல இருக்காங்க, பேசிட்டேன்."

சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றாள் கமருன்னிஸா, தலைவராக. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குத்தாலத்து வீட்டில் தை மாதம் பசங்கள் பால் காய்ச்சினார்கள்.