லொறிக்கு வாசித்த ஓலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனின் கிழக்கே பிளேஸ்டோவில் நடந்தது இது. நான் அந்த நகரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் ஒரே அறையில் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு பெர்லின், அங்கிருந்து பாரிசில் கொஞ்சக் காலம் உணவகத்தில் கோப்பை கழுவல், பிறகு லண்டன். சூடில்லாத அறையில் கோட்டைப் போட்டபடியே படுக்கப் பழகிவிட்டேன். பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றபோது என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டைகூட எனக்கு முன்னால் அங்கே வேலை செய்தவனுடையது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். அதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை. என் பெயர் வெளியே தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மன்னார் அண்ணையுடன் சேர்ந்தேன். ஊரில் கடற்தொழில் செய்தவர். லண்டனில் ஒரு பழைய வான் வண்டியை வைத்து, காலையில் சந்தையில் மரக்கறி ஏற்றி, தமிழ்க் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மூட்டை தூக்கப் போய், கூட்டாளியாகிவிட்டேன். அண்ணைக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. அலையும் காற்றும் இரையும்போது அடுத்த வள்ளத்துக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரல். பக்கத்தில் நிற்பவனிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாலும் தெருமுனையில் நிற்பவன் திரும்புவான்.

கடைகள் கூடக் கூட வான் போதாமல் போனது. லொறி வாங்குவதென்று முடிவெடுத்தோம். ஹரோவில் இருந்த ஒரு தமிழ்க் கணக்காளர், முதலில் ஒரு லிமிடெட் கொம்பனியைப் பதியச் சொன்னார். கொம்பனி என்றால் அரசாங்கம் ஊருக்கெல்லாம் பறையறைந்து சொல்லும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"கொம்பனிக்குப் பேப்பரில ஒண்டும் போடத் தேவையில்லை. பதிவாளருக்கு ரெண்டு மூண்டு பத்திரம் அனுப்பினாச் சரி. என்ன பேர் வைக்கப் போறியள்?" என்று கேட்டார்.

அண்ணை மாதா பெயர் ஒன்று சொன்னார். அது ஏற்கெனவே இருந்தது. இன்னொரு புனிதரைச் சொன்னார், அவரையும் யாரோ முந்தி எடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணையின் சொந்தப் பெயரையே வைக்கலாம் என்றால், போர்த்துக்கேயர் விட்டுப்போன அந்தப் பெயரில் இங்கிலாந்திலேயே ஒரு கொம்பனி இருந்தது. கணக்காளர் என் பக்கம் திரும்பினார். "தம்பியின்ர பேரை முழுசா வைப்பம். இவ்வளவு நீளப் பேர் வேற ஒருத்தரிட்டையும் இராது."

அப்படியே நடந்தது. என் முழுப்பெயர், அதன் வாலில் லிமிடெட். பத்திரத்தில் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. பத்திரம் பெட்டிக்குள் கிடக்கும், யார் பார்க்கப்போகிறார்கள்?

பிறகுதான் லொறி விஷயம் வந்தது. பாரமான லொறி ஓட்டித் தொழில் செய்ய அதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பவர், லொறி நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ளவர்கள் படிக்கும் பத்திரிகையில் அறிவித்தல் போட வேண்டும். இன்ன பெயர், இன்ன இடம், இத்தனை லொறி. இதனால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது பாதிப்பு உண்டென்றால் மூன்று வாரத்துக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்று.

கணக்காளர் அதை வாசித்துச் சொன்னபோது எனக்கு ஊரில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. அங்கே ராணுவத்தார் எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்து, முகத்தை மூடிய ஒருவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டிருக்கிறார்கள். அவன் தலையாட்டினால் போச்சு. என் முறை வந்தபோது அவன் ஆட்டவில்லை. அவ்வளவுதான் அந்தக் கதை. ஆனால் அதன் பிறகு, என்னைக் காட்டி "இவனைப் பற்றி ஏதும் உண்டோ" என்று யாரையும் யாரும் கேட்கும் இடத்தில் நான் நின்றதில்லை. இப்போது பெயரையும் இடத்தையும் போட்டு ஊரைக் கேட்கப் போகிறார்கள்.

திரும்பி வரும் ரயிலில் அண்ணையிடம் சொன்னேன், நான் விலகுகிறேன், கனடாவுக்குப் போகலாம் என்று யோசனை இருக்கிறது என்று. பெட்டியில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அண்ணை சிரித்தார்.

"டேய், எங்கட கோயில்ல கலியாணத்துக்கு முந்தி மூண்டு ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பினம், தெரியுமோ? இன்னாரின்ர மகனுக்கும் இன்னாரின்ர மகளுக்கும் கலியாணம், தடை இருந்தாச் சொல்லுங்கோ எண்டு சுவாமியார் கேப்பார். என்ர ஓலை வாசிக்கேக்க எனக்கும் எழும்பி ஓடவேணும் போல இருந்தது. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. இதும் அதுதான். உனக்கும் லொறிக்கும் கலியாணம்."

"ஆரும் எழும்பித் தடை சொன்னால்?"

"சொன்னாப் பிறகு பாப்பம். அதுக்கு முந்திக் கனடாவுக்கு ஓடுறவன் மாப்பிளையோ?"

அறிவித்தல் போடும் வேலையை அண்ணை தானே எடுத்துக்கொண்டார். கொண்டுபோய்க் கொடுத்தது லண்டனில் வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு. எங்களுக்குப் பேப்பர் என்றால் அதுதானே. பூங்கொடிக் கரை போட்டு, பிறந்தநாள் வாழ்த்துக்கும் நினைவஞ்சலிக்கும் நடுவில் என் பெயர் வந்தது. கலியாணமா என்று கேட்டு இரண்டு மூன்று பேர் போன் செய்தார்கள். லைசென்ஸ் கொடுக்கும் கந்தோர் அதை ஏற்கவில்லை. லொறி நிற்கும் வளவைச் சுற்றி இருப்பவர்கள் படிக்கும் உள்ளூர் ஆங்கில வாரப்பத்திரிகையில் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை அதில் போட்டோம்.

நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது முன்பு நிலக்கரி விற்ற ஒரு வளவு. அதன் பின்மதிலை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். அதில் ஒரு வீட்டின் மேல்மாடி யன்னல் நேராக எங்கள் வளவைப் பார்த்திருந்தது. வான் வைத்திருந்த நாளிலேயே ஒருமுறை அந்த யன்னல் திறந்து, தலையில் துணி கட்டிய ஒரு கறுப்பினப் பெண் எங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினார். கரிபியன் தீவொன்றிலிருந்து வந்தவர், ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் தாதி என்று மூலைக்கடைக்காரர் சொன்னார். தடை சொல்லி எழுதுவதென்றால் அவர்தான் எழுதுவார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர் எழுதினால் இந்த வளவில் லொறி விட விடமாட்டார்கள். வேறு வளவு தேடும் வசதி எங்களுக்கு இல்லை.

எங்கள் ஆட்கள் இப்படியான நேரத்தில் என்ன செய்வார்கள்? அண்ணையின் மனைவி ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்சும் வடையும் செய்து தந்தார். இரண்டு பேரும் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, மத்தியானம் போல அந்த வீட்டு மணியை அடித்தோம். ஒன்றல்ல, அண்ணை மூன்று தரம் அடித்தார்.

இரவு உடுப்போடு, கண் சிவந்து வந்து கதவைத் திறந்தார் அவர். எங்களையும் பெட்டியையும் பார்த்தார். பேப்பரில் அறிவித்தலைப் பார்த்ததாகவும், எழுதுவதா விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னார். "நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சாப்பாட்டோடு வந்து நிற்கிறீர்களே, இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தெருவில் நின்று அண்ணை பெட்டியைப் பார்த்தார். "லஞ்சம் எண்டெல்லோ நினைச்சிட்டா."

"வேற என்னெண்டு நினைக்கிறது அண்ணை? நித்திரையையும் குழப்பிப் போட்டம்."

"கெடுத்திட்டமடா தம்பி" என்றார். பிறகு மதில் ஓரமாக நின்று இரண்டு பேரும் ஆளுக்கொரு ரோல்ஸ் சாப்பிட்டோம். பசித்தது, என்ன செய்ய.

அடுத்த நாட்களில் நான் பயணப் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தேன். கனடாவுக்கு ஆள் அனுப்பும் ஒருவரின் போன் நம்பரும் வாங்கி வைத்தேன். கஷ்டம் வருமுன் இடத்தைக் காலி செய்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

ஒரு காலை, சந்தையிலிருந்து வந்து வெங்காய மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் வளவு வாசலில் வந்து நின்றார். தாதி உடுப்புக்கு மேல் கோட்டு. வேலை முடிந்து நேரே வந்திருந்தார். கையில் அந்தப் பத்திரிகை, எங்கள் அறிவித்தல் மேலே தெரியும்படி மடித்திருந்தது.

"இது யார்?" என்று என் பெயர் மேல் விரலை வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் போல நான் கையை உயர்த்தினேன். மைதானத்தில் என் முறை மறுபடி வந்தது போல இருந்தது.

"எப்படிச் சொல்வது இதை?"

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், பிழை. மறுபடி சொன்னேன். ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, சேர்த்து, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார், தன் வார்டில் யாருக்கும் அவர் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு மருந்துக் குளிசைகூடக் கொடுப்பதில்லை என்று. "ஒரு மனிதனைப் பற்றி நான் எழுதுவதாக இருந்தால், முதலில் அவன் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்."

பிறகு அண்ணையைப் பார்த்தார். "லொறி எனக்குப் பிரச்சினை இல்லை. அது ஒருமுறை உறுமிவிட்டுப் போய்விடும். நீங்கள் இரண்டு பேரும் போவதில்லையே! நான் படுக்கும் நேரத்தில்தான் தொடங்குகிறீர்கள். ஒவ்வொரு நாளும் எதற்காகச் சண்டை பிடிக்கிறீர்கள்?"

"சண்டையோ?" அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாங்கள் எப்பயடா சண்டை பிடிச்சனாங்கள்?" அதையும் அவர் வழக்கமான குரலிலேயே கேட்டார்.

"இதோ!" என்றார் தாதி.

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். இது சண்டை இல்லை, தக்காளி எங்கே, தேத்தண்ணிக்குச் சீனி போட்டாயா, இப்படியான கதைதான், இவர் கடல் மனிதர் என்று. அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை மாதமாக, என்றைக்காவது ஒருநாள் ஒருவரையொருவர் கொன்றுவிடுவோமோ என்று பயந்தபடி படுத்திருந்தாராம்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தான் வேலையிலிருந்து வந்து, மத்தியானம் தாண்டி எழும்பும்வரை சத்தம் கூடாது. சம்மதமென்றால் எழுதமாட்டார். அண்ணை மார்பில் சிலுவை போட்டுச் சம்மதித்தார், முதல் தடவையாக இரகசியக் குரலில்.

அவர் எழுதவில்லை. வேறு யாரும் எழுதவில்லை. லைசென்ஸ் வந்தது, லொறி வந்தது.

அதன் பிறகு எங்கள் வளவில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பெரிய ஆண்கள், அரிசி மூட்டையை இறக்கியபடி, கோயிலில் கதைப்பது போலக் கிசுகிசுப்போம். அதுவும் போதாமல், அண்ணை கடலில் அடுத்த வள்ளத்துக்குக் கை காட்டும் சைகைகளை எனக்குப் பழக்கினார். ஒரு கை உயர்த்தினால் நிறுத்து, இரண்டு கை விரித்தால் பின்னால் எடு. கடைக்காரர்கள் அண்ணைக்குத் தொண்டையில் வருத்தமோ, குரல் கட்டிவிட்டதோ என்று என்னிடம் விசாரித்தார்கள்.

காலையில் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வாசலைக் கடக்கும்போது தாதி என் முழுப்பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார். ஒரு எழுத்தும் பிழைக்காது. எங்கள் ஆட்களே அதைச் சுருக்கித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் நான் காய்ச்சலில் வராமல் விட்டபோது, வாசலில் நின்று அண்ணையிடம் விசாரித்திருக்கிறார். நான் ஓரிடத்தில் இல்லாததை அக்கம்பக்கத்தில் ஒருவர் கவனித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு பயணப் பை எங்கே போனதென்று எனக்கு ஞாபகமில்லை.

சில வருடங்கள் கழித்து அவர் ஓய்வு பெற்றுத் தன் தீவுக்கே திரும்பினார். போகும் நாளில் வளவுக்கு வந்தார். அண்ணையின் மனைவி மறுபடி ரோல்ஸ் செய்திருந்தார். இப்போது அதற்கு என்ன பெயர் என்று நான் கேட்டேன். "இப்போது அது சாப்பாடு" என்று சொல்லி, பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணையிடம், "இனி நீங்கள் விரும்பிய மாதிரிக் கத்தலாம்" என்றார்.

அண்ணை வாயைத் திறந்தார். "போயிட்டு வாங்கோ அக்கா" என்று மெதுவாகத்தான் சொன்னார். அது விளங்கியது போல அவர் தலையாட்டினார்.

இப்போது அந்த மாடி அறையில் யார் படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வளவுக்குள் கால் வைத்தால் இன்றும் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது. எத்தனையோ நாடு அலைந்த எனக்கு, ஒருவருடைய நித்திரைக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்ட அந்த இடம்தான் என் ஊரென்று ஆகிவிட்டது.