வெள்ளிக்கிழமைச் சகன்

மதம் வேறானாலும் ஒருவரையொருவர் பொறுத்துப் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பல்வலியைப் பொறுக்கலாம். சிநேகிதனை எதற்குப் பொறுக்க வேண்டும்?

பேரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து எங்கள் பக்கம் வந்த மறு வருஷம், உத்தமபாளையத்து ராவுத்தர் தன் மகளுக்கு நிக்காஹ் வைத்தார். நானும் அவரும் ஒரே வாய்க்காலில் பயிர் செய்கிறவர்கள். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் சாப்பிட வேண்டும் என்பதற்காக என் வீட்டு விருந்துக்கு ஆட்டை அவர் ஆள் வந்து ஓதித்தான் அறுப்பான். அதை யாரும் பெரிய விஷயமாகப் பேசியதில்லை.

நிக்காஹ் வெள்ளிக்கிழமை. அவர்களுக்கு அது நல்ல நாள். ஏசு உயிர்விட்ட கிழமை என்பதால், வேதக்காரனான எனக்கு அன்று கறி ஆகாது. அவர்கள் விருந்திலோ சகன் என்ற பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்பார்கள். என்னைத்தான் தன் சகனில் உட்கார வைக்கப்போவதாக ராவுத்தர் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். கை வைக்காமல் எழுந்தால் சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் முகத்தில் அடித்த மாதிரி.

தின்றுவிட்டுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடு, கடவுள் பொறுப்பார் என்றான் தம்பி. வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளச் சொன்னாள் வீட்டுக்காரி. இரண்டு பேரையும் திட்டினேன். கடவுளையும் ஏமாற்ற மாட்டேன், ராவுத்தரையும் ஏமாற்ற மாட்டேன். நேரில் சொல்வேன், மூஞ்சியைத் திருப்பினால் திருப்பட்டும் என்று கிளம்பினேன். வாய்தான் அப்படிப் பேசியது. வழியில், திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் வண்டியை நிறுத்தினேன்.

பந்தலில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன்.

“மச்சான், இன்னைக்கி வெள்ளி. நான் கறி தொட மாட்டேன்.”

ராவுத்தர் என்னை முறைத்தார்.

“ஏலே, இத்தன வருசமா ஒன்கூட வரப்புச் சண்ட போடுறேன். ஒனக்கு எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? பேசாம இங்கன உக்காரு.”

சகன் வந்தது. வெள்ளைச் சோறு, பக்கத்தில் சட்டி நிறைய அயிரை மீன் குழம்பு. வெள்ளியன்றும் எங்களுக்கு மீன் ஆகும் என்று தெரிந்து, விடியும்போதே ஆற்றில் ஆள் விட்டுப் பிடித்திருக்கிறார். என் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் பொறுக்கவில்லை.

“பொண்ணப் பெத்தவுக கறிச் சகன விட்டுட்டு இதுல உக்காந்தா எங்காளுக என்ன நெனப்பாக?”

“மீனு நல்லாருக்குன்னு நெனப்பாக. வந்து உக்காருங்க.”

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். முதல் கவளத்துக்குப் பிறகு முனகல் இல்லை. அவர் தம்பியும் கறியை விட்டு எழுந்து வந்து சேர்ந்தார். விரதம் எனக்கு, மீன் அவர்களுக்கு என்று ஆகிவிட்டது. கறி அவ்வளவு கிடக்க என் மீனை ஏன் தின்கிறீர்கள் என்று கத்தினேன். பந்தலே சிரித்தது. ராவுத்தர் சட்டியை வழித்து மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். அதிலும் ஒரு மீனை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.