மில் ஓடாத அறையில் ஒரு டூயட்

மாவு மில்லுக்கு வருகிறவர்கள் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தைந்து. பத்தாம் வகுப்புக் கணக்கோடு இரண்டு முறை மல்லுக்கட்டித் தோற்று, பதினேழு வயதில் அந்த மில்லுக்குள் நுழைந்தவன். கோதுமையை மேல்தொட்டியில் கொட்டுவது, கல்லை இறுக்குவது, தளர்த்துவது, துணிக்குழாய் வழியாகச் சுடச்சுட இறங்கும் மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து "இன்னும் ஒரு சுத்து விடணும்" என்று தலையாட்டுவது, இவைதான் அவன் வேலை. எடை போடுவதும் சலிப்பதும் தங்கையின் வேலை. அவள் எட்டு வயது இளையவள், பதினாறு வயதில் மில்லுக்கு வந்து சேர்ந்தவள். அவள் தும்மினாலும் மாவு பறக்கும் என்பான் அவன். அவன் தலையைத் தட்டினால் ஒரு வேளை சமையலுக்கு ஆகும் என்பாள் அவள்.

இருவரும் வேலை செய்துகொண்டே பாடுவார்கள். மோட்டார் ஓடும்போது மில்லுக்குள் பேச்சு எடுபடாது. காதருகே வந்து கத்தினாலும் "என்னது?" என்ற பதில்தான் வரும். ஆனால் பாட்டுக்கு மட்டும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தொட்டிப் பக்கம் நிற்கும் அவன் அவள் உதட்டைப் பார்ப்பான். தராசுப் பக்கம் நிற்கும் அவள் அவன் உதட்டைப் பார்ப்பாள். அவன் கையை உயர்த்தினால் அவள் வரி, இறக்கினால் அவன் வரி. சுருதிக்கு மோட்டாரே போதும். அது காலையிலிருந்து மாலை வரை ஒரே இடத்தில் நின்று முனகிக்கொண்டிருக்கும். வீட்டில் பாட முடியாது. ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு கைக்குழந்தை. இவர்கள் ஆரம்பித்தால் அதுவும் ஆரம்பித்துவிடும்.

தூக்குவாளியும் பையுமாகக் காத்திருப்பவர்கள் மோட்டார் சத்தத்துக்குள் காதில் விழுந்த மட்டுக்குத் தலையை ஆட்டுவார்கள். "அண்ணனும் தங்கச்சியும் என்னமா பாடுறாங்க!" என்பார்கள். அவர்களில் ஒரு டீச்சர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். டிவியில் ஜோடிப் பாட்டுப் போட்டியாம். கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து பாடலாமாம்.

அன்றிலிருந்து மில்லில் மாவைவிட அதிகமாக அரைபட்டது அந்தப் பேச்சுதான். வந்தவர், போனவர், வழி தவறி வந்தவர் என எல்லோரிடமும் சொன்னான். புதுச் சட்டை தைத்தான். லீவு கேட்டபோது முதலாளி, "டிவியில வந்தப்புறம் எங்களை எல்லாம் ஞாபகம் இருக்குமாடா?" என்றார்.

"இருக்கும் முதலாளி. ஆனா முன்கூட்டியே சொல்லிட்டு வந்து பாருங்க."

தங்கைக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. "எனக்கு வெக்கமா இருக்குண்ணா. முன்னாடி பின்னாடி தெரியாதவங்க உக்காந்து பாப்பாங்க."

"இங்க மட்டும் என்ன, எல்லாரும் உன் மாமனார் மாமியாரா? சும்மா வாடி."

தேர்வு ஒரு பெரிய கட்டடத்தின் நான்காம் மாடியில் நடந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே எண். அந்தச் சீட்டை அவன் சட்டையில் நெஞ்சுப் பக்கம் குத்தினார்கள். இரண்டு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். சுவர், கூரை, கதவு என எல்லாவற்றிலும் பஞ்சு மெத்தை அடித்த அறை. மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாளும் ஒரு கண்ணாடிக்காரரும், காதில் ஹெட்போன் மாட்டிய நடுவர்கள். தங்கள் செருப்புச் சத்தம்கூட அங்கே எழும்பாததை அவன் கவனித்தான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

"பாடலாம்" என்றார் அந்த அம்மாள்.

இருவரும் மைக்கை ஒரு பக்கமாக விட்டுவிட்டு எதிரெதிரே திரும்பி நின்றார்கள். அவன் கையை உயர்த்தினான். பத்துக் குதிரைச் சக்தி மோட்டாரை மீறிப் பாடுகிற அதே குரலில் அவள் முதல் வரியை எடுத்தாள், அவன் அடுத்ததை எடுத்தான். கண்ணாடிக்காரர் ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டார்.

"தம்பி, தம்பி! நாங்க இங்கதான் இருக்கோம். பக்கத்து ஊருக்கா பாடுறீங்க?"

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க பாடிப் பழகினீங்க?" என்று கேட்டார்.

"மாவு மில்லுல மேடம். மோட்டார் ஓடும்போது."

"இங்க மோட்டார் இல்லையே. பாதியா குறைச்சுப் பாடுங்க. அவசரமில்ல."

குறைத்துப் பாடினார்கள். இரண்டாவது வரியில் ஏதோ ஒன்று தடம் மாறி நடப்பது அவன் காதில் விழுந்தது. தங்கைதான் பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்து அவள் உதட்டைப் பார்த்தான். அவள் வாய் மூடியிருந்தது. அது அவனுடைய வரி. இழுத்துப் பிடிக்கப் பார்த்தான், மேலே போனது, இறக்கினான், வேண்டிய இடத்தைத் தாண்டிக் கீழே விழுந்தது. பிறகு அவள் முறை வந்தது. எடைக்கல் வைத்ததும் தராசு முள் வந்து நிற்பதுபோல அவள் குரல் சுருதியில் வந்து நின்றது. அவன் அடுத்த வரிக்குக் கையை இறக்க மறந்தான்.

இருவரையும் தனித்தனியாகப் பாடச் சொன்னார்கள். அவனை அரை நிமிடத்தில் நிறுத்தினார்கள். அவளை மூன்று பாட்டுப் பாட வைத்தார்கள்.

"ஜோடியா எடுக்க முடியாது, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் அந்த அம்மாள். "தங்கச்சியைத் தனிப்பாட்டுப் பிரிவுக்கு எடுக்கிறோம். பக்கத்து அறையில இப்பவே ரெண்டாவது சுத்து. வெளிய போய்ப் பேசிட்டுப் பத்து நிமிஷத்துல சொல்லுங்க."

வராந்தாவில் தங்கை பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வாண்ணா, வீட்டுக்குப் போலாம்."

சரி, போலாம் என்று அவன் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். நாளைக்கு மில்லில் யார் கேட்டாலும், ரெண்டு பேரையுமே எடுக்கலை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அவள் தனியாகப் போனால் அந்த வாக்கியம் செல்லாது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"சந்தோஷமா உனக்கு?" என்றான் கடைசியில்.

"நானா கேட்டேன்? சிவனேன்னு இருந்தவளை இழுத்துட்டு வந்தது யாரு?"

அவன் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் இரண்டு நிமிடம் போனது.

"ஏய், நிஜமா சொல்லு. நான் இவ்வளவு மோசமாவா பாடுறேன்?"

அவள் பையின் வாரைத் திருகினாள். "எனக்கு எப்படிண்ணா தெரியும்? மில்லுல உன் சத்தம் எனக்குக் கேக்கவே கேக்காது. வாயைத்தான் பாப்பேன்."

"நானும் அதேதான்" என்றவன், தன்னை அறியாமல் சிரித்துவிட்டான். பதினோரு வருட டூயட். இருவரும் ஒருவரை ஒருவர் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

தாளும் பேனாவுமாக ஒரு பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"தங்கச்சி வர்றா" என்றான். நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றினான். ஊசி புதுச் சட்டையில் சின்ன ஓட்டை போட்டிருந்தது.

"நீ இல்லாமலா? எங்க ஆரம்பிக்கணும்னு யாரு கை காட்டுவா?" என்றாள் தங்கை.

"தனிப்பாட்டுல எல்லா வரியும் உன்னுதுதான். போடி, நேரமாகுது."

அவள் எண்ணை வாங்கிக் குத்திக்கொண்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. பஞ்சு வைத்த கதவு. அவள் பாட ஆரம்பித்துவிட்டாளா என்பதுகூட வெளியே தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் பாட்டுத் தாளை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "உங்க நம்பர் எத்தனை சார்?" என்று கேட்டார்.

"எனக்கு நம்பர் இல்ல. கூட வந்திருக்கேன். உள்ள என் தங்கச்சி பாடுறா."

"நல்லா பாடுவாங்களா?"

"ரொம்ப நல்லா பாடுவா" என்றான் அவன். "நானே இன்னைக்குத்தான் கேட்டேன்."

அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மறுபடி தன் தாளுக்குத் திரும்பினார்.