எஞ்சினைக் கழுவிய தண்ணீர்

எங்கள் வீடு உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. உப்புக் காற்றில் கார் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று வாரம் தவறாமல் பானெட்டைத் திறந்து எஞ்சின் வரை கழுவுவேன். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த கார்தான் என் உயிரை வாங்கியது.

சாவியைத் திருகினால் சில நாள் உடனே கிளம்பும். சில நாள் ‘டக்’ என்ற சத்தத்தோடு செத்துவிடும். மெக்கானிக் வந்து தொட்டால் மட்டும் கிளம்பிவிடும். “அண்ணாச்சி, வண்டி நல்லாத்தான இருக்கு” என்பார். எரிச்சலில் பேட்டரியை மாற்றினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றினேன்.

என் மனைவிக்குத் திருநெல்வேலியில் வேலைக்கான இன்டர்வியூ. அன்று காலையும் அதே ‘டக்’. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்திவிட்டு இறங்கி பானெட்டைத் திறந்தேன். சேலை அழுக்காகாமல் அவளும் எட்டிப் பார்த்து, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் முனையைக் காட்டினாள்.

“இது என்ன, நம்ம பாத்ரூம் குழாய் மாதிரி வெள்ளையா பூத்துருக்கு?”

“ஏளா, அது உப்புக் காத்து. அதுக்குத்தான வாரா வாரம் கழுவுதேன்.”

“எந்தத் தண்ணியில?”

போர்வெல் குழாயைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. ஊற்றியவன் நான், இத்தனை நாள் திட்டு வாங்கியது கடல் காற்று.

அந்த முனையைக் கழற்றிச் சுரண்டி, இறுக்கி முடுக்கினேன். ஒரே திருகில் கிளம்பியது. பெருமையாக ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பினால் அவளைக் காணோம். பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வேலை கிடைத்துவிட்டது. கார் இப்போது சண்டித்தனமே செய்வதில்லை. “கொண்டு விடவா?” என்று தினமும் கேட்கிறேன்.

“வேண்டாம், நேரத்துக்குப் போணும்” என்கிறாள்.